ஐந்து கொழுத்த கிழங்குகள்

செப்டம்பர் 12

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய அவா என்று தொடங்குவதுதான் முறை. அவா இல்லாமல் எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஜூலையில் உங்கள் உடைந்த காலைப் பார்க்க வந்த உங்கள் மகளிடம் எனக்கென்று டேலியாக் கிழங்கு கொடுத்தனுப்பினீர்கள். சாதாரண டேலியா இல்லை, நீங்களே விதை போட்டு எழுப்பி, ‘மைக்கறை’ என்று பெயர் வைத்து, யாருக்கும் கொடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் கழித்து மனசு வந்து கொடுத்தீர்கள். கொடுத்தது என்ன? ஐந்து கிழங்கு. ஐந்தும் கொழுகொழுவென்று இருக்கின்றன. ஒன்றிலும் கண் இல்லை.

டேலியா என்ன உருளைக்கிழங்கா, உடம்பெங்கும் முளைப்பதற்கு? தண்டும் கிழங்கும் சேரும் கழுத்தில்தான் கண் இருக்கும். கழுத்துக்குக் கீழே ஒடித்தால் அந்தக் கிழங்கு சாகவும் சாகாது, முளைக்கவும் முளைக்காது. இது உங்களுக்குத் தெரியாதா? இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நட்டேன். சூடு பட்டால் எங்காவது ஒரு கண் எழும்பாதா என்று தினமும் போய்ப் பார்த்தேன். இன்று காலையில் தோண்டிப் பார்த்தால் வேர்கூட விட்டிருக்கிறது. நன்றாகத் தின்றுவிட்டு மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தலை மட்டும் எடுக்கவில்லை.

எங்கள் ஊர்ச் செடிக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. கிழங்கு கொடுப்பவர் அதைத் திருப்பிக் கட்டைவிரலால் கண்ணைத் தொட்டுக் காட்ட வேண்டும். வாங்குபவர் “பாத்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கை மாறும். என் வரிக்கல்வாழையை உங்களுக்குக் கொடுத்தபோது மூன்று முளையையும் தொட்டுக் காட்டித்தான் கொடுத்தேன். நீங்கள் ஆள் மூலம் அனுப்பியதே இந்தத் தொடுகைக்குப் பயந்துதானோ என்று இப்போது தோன்றுகிறது. போடாத ஊசியைப் போட்டதாகச் சொல்லும் நர்ஸுகளை முகத்தைப் பார்த்தே பிடித்த ஹெட் நர்ஸ் நான். என் கண்ணில் மண்ணைத் தூவுவது கஷ்டம்.

போனில் கேட்கலாமே என்பீர்கள். போனில் பேசினால் நாளைக்கு “நான் அப்படிச் சொல்லவே இல்லையே” என்பீர்கள். மே மாதம் அப்படித்தான் ஆயிற்று. எழுத்தில் இருக்கட்டும்.

அங்கே எல்லோரும் சௌகரியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். என்னிடம் சொல்லிக்கொள்ளத் தோன்றாதவர்களை நானாக விசாரிப்பதாக இல்லை.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையின் அம்மா

*

செப்டம்பர் 18

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்லிவைக்கிறேன். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் கால் தரையில் பதியவில்லை. கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து வாட்சுகளைப் பார்க்கிறேன், நாலடி நடந்து வெளியே போக ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது. விசாரிப்பதாக இல்லை என்று எழுதியதையும் படித்தேன். நல்ல மனசு.

இப்போது கிழங்குக்கு வருவோம். நான் அனுப்பியது ஐந்து கிழங்கு இல்லை, ஒரு முழுத் தூர். தண்டு, கழுத்து, கண், ஏழு கிழங்கு, எல்லாம் ஒரே கட்டாக, செய்தித்தாளில் சுற்றி, செருப்பு டப்பாவில் வைத்து, நூல் கட்டி அனுப்பினேன். ஏன் பிரிக்காமல் அனுப்பினேன் தெரியுமா? நான் எந்த இடத்தில் கத்தி வைத்தாலும் “நல்ல பாதியை அவர் வச்சுக்கிட்டார்” என்று நீங்கள் சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பேச்சு வேண்டாம் என்றுதான் கத்தியே வைக்கவில்லை. “அத்தைய அவங்க இஷ்டத்துக்குப் பிரிச்சுக்கச் சொல்லு, ஒரு துண்டு மட்டும் எனக்குத் திருப்பி அனுப்பச் சொல்லு” என்றுதான் மகளிடம் சொல்லியனுப்பினேன்.

திருப்பி அனுப்பச் சொன்னதற்குக் காரணம் உண்டு. என்னிடம் இருந்த இன்னொரு தூர், நான் காலைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தபோது மழையில் அழுகிப்போனது. இன்றைய தேதியில் மைக்கறை என்று உலகத்தில் இருப்பது உங்களிடம் வந்த அந்த ஒரே தூர்தான். அதனால் சின்னதாக ஒரு கேள்வி கேட்கிறேன். தூர் எங்கே? கொல்லைப் பக்கம் எங்காவது தொட்டியில் வைத்துவிட்டு, மிச்சக் கிழங்கைக் காட்டி என்னைத் திருடன் என்கிறீர்களா? கேட்கத்தான் செய்வேன். உங்கள் கேள்வியைவிட என் கேள்வி ஒன்றும் மோசமில்லை.

இன்னொரு விஷயம். மகள் ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறாள். முன்பெல்லாம் மூச்சு விடாமல் பேசுவாள். இப்போது “நல்லா இருக்கேன்பா, அத்தையும் நல்லா இருக்காங்க” என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. யாரோ பக்கத்தில் நிற்கிற மாதிரியே பேசுகிறாள். நிற்பது நீங்களா?

தூரைப் பற்றி அவளையே கேட்டுப் பாருங்களேன். உங்கள் வீட்டில்தானே இருக்கிறாள்.

பெண்ணைப் பெற்றவன்

*

செப்டம்பர் 24

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவை சிரிப்பு வந்தது. மூன்றாம் தடவை இதில் என்னவோ சூது இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

என் வீட்டில்தானே இருக்கிறாள் என்கிறீர்கள். உங்கள் மகள் ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து உங்கள் வீட்டில் இருக்கிறாள். நான் மருந்துக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். “அவங்க அப்பாவுக்கு மறுபடி முடியலையாம்மா, பாத்துக்கப் போயிருக்கா” என்று என் மகன்தான் சொன்னான். கம்ப்யூட்டர் வேலைதானே, எங்கே இருந்தும் செய்யலாம் என்றான். சமையலறை மேடையில் ஒரு காகிதப் பை. அதற்குள் இந்த ஐந்து கிழங்கு. மேலே “அத்தைக்கு” என்று ஒரு சொல் எழுதியிருந்தது. இரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளுக்கு அந்த ஒரு சொல்தான் மிச்சம்.

உங்கள் மடியில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை என் வீட்டில் கேட்டுப் பார்க்கச் சொல்கிறீர்கள். காதில் பூ சுற்றுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது சம்பந்தி.

எனக்குப் புரிகிறது. நாளைக்கு நாலு பேர் முன்னால் “என் பெண்ணை என்னிடம் பேசக்கூட விடவில்லை, பக்கத்தில் நின்று காவல் காத்தாள்” என்று சொல்ல இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறீர்கள். வாராவாரம் போனில் அவள் வாயைப் பிடுங்கி என் வீட்டுச் சமாசாரம் எல்லாம் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். போன வருடம் நான் புதுத் திரைச்சீலை வாங்கியதை உங்கள் வாயால் கேட்டபோதே தெரிந்துகொண்டேன். நான் அதை உங்களிடம் சொன்னதே இல்லை.

கிழங்குக்கு இனி மன்னிப்பு வேண்டாம். பெண்ணை எப்போது அனுப்புவதாக உத்தேசம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

மாப்பிள்ளையின் அம்மா

*

செப்டம்பர் 30

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். அவள் இங்கே வரவே இல்லை. அதனால்தான் அன்றைக்கே போன் செய்தேன். போனில் நான் கத்தியதும் நீங்கள் பட்டென்று வைத்ததும் நடந்தது நடந்ததாகவே இருக்கட்டும். வருத்தம் தெரிவிக்கப் பேனாவை எடுக்கவில்லை.

“அங்கயும் இல்ல, இங்கயும் இல்லன்னா எங்கதான் போனா?” என்று என்னைக் கேட்டீர்கள். அதையேதான் நான் உங்களைக் கேட்டேன். உங்கள் குரல் நடுங்கியது உண்மைதான். ஆனால் எத்தனையோ நோயாளிகளிடம் “ஒண்ணுமில்ல, சரியாயிடும்” என்று கூசாமல் சொன்ன குரல் அது. அதை வைத்து நான் எதையும் முடிவு கட்ட முடியாது.

அடுத்து அவளைக் கூப்பிட்டேன். எடுத்தாள். “எங்கம்மா இருக்க?” என்றேன். “தெரிஞ்சிடுச்சா?” என்றாள். “நல்லா இருக்கேன்பா. சத்தியமா நல்லா இருக்கேன். வேலை செய்யறேன், சாப்பிடறேன், தூங்கறேன். எங்கன்னு மட்டும் கேக்காத” என்றாள். ஏன் என்று கேட்டேன். “சொன்னா நீ அத்தைகிட்ட கேப்ப. அத்தை அவர்கிட்ட கேப்பாங்க. அவர் என்கிட்ட வருவார். வேணாம்பா” என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தானாகக் கூப்பிட்டு “நல்லா இருக்கேன்” என்று மட்டும் சொல்கிறாள்.

அவள் பேசும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. புஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு, உடனே தொப்பென்று ஒரு அடி, மறுபடி மூச்சு. உங்கள் வீட்டில் அப்படி என்ன ஓடுகிறது? மாடியில் பூட்டி வைத்திருக்கும் அறையில் என்ன இருக்கிறது? மனம் வேண்டாததெல்லாம் நினைக்கிறது. மறைக்காமல் எழுதுகிறேன்.

நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். பெண்டாட்டி வீட்டை விட்டுப் போய் இரண்டு மாதமாக ஒரு மனுஷன் சும்மா ஆபீஸ் போய் வருகிறார். அது அவரைப் பெற்ற அம்மாவுக்குத் தெரியாதா? பஸ் படியில் இந்தக் கால் ஏறுமானால் இந்நேரம் உங்கள் வாசலில் நின்றிருப்பேன்.

பெண்ணைப் பெற்றவன்

*

அக்டோபர் 9

சம்பந்தி அவர்களுக்கு,

மாடி அறையில் கிழிந்த மெத்தை ஒன்றும், என் மகன் சின்ன வயதில் ஓட்டிய சைக்கிளும் இருக்கின்றன. பூட்டும் இல்லை, கதவுக்குத் தாழ்ப்பாளே உடைந்து கிடக்கிறது. வேண்டுமானால் ஆள் அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். என் வீட்டில் புஸ்ஸும் இல்லை, தொப்பும் இல்லை.

என் மகனைக் கேட்டேன். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார வைத்துக் கேட்டேன், அவன் தப்பிக்க முடியாத இடம் அதுதான். முதலில் முழித்தான். அப்புறம் “ரெண்டு நாள்ல வந்துடுவான்னு நினைச்சேன்மா. வரல. அப்புறம் உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றான். எனக்குக் கை நீண்டுவிட்டது, அடக்கிக்கொண்டேன். நாற்பது கட்டில் இருந்த வார்டில் எந்தக் கட்டிலில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்த எனக்கு, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தெரியவில்லை. இதை நீங்கள் எங்காவது சொல்லிச் சிரித்தீர்கள் என்று கேள்விப்பட்டால் பிறகு நடப்பதற்கு நான் பொறுப்பில்லை.

அவள் இந்த ஊரிலேயேதான் இருக்கிறாளாம். எந்தத் தெரு என்று அவனிடமும் சொல்லவில்லையாம். ஏன் போனாள் என்று கேட்டதற்கு, “அதை அவளையே கேளு. நீயும் கேளு, அவங்க அப்பாவும் கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டான். அவங்க அப்பாவும் என்றானே, அது ஏன்? ஜூலையில் ஒரு வாரம் உங்களோடு இருந்தாள். திரும்பி வந்தவள் முகமே வேறு மாதிரி இருந்தது. அந்த ஒரு வாரத்தில் என்ன ஓதினீர்கள்? எதற்கும் நான்தான் காரணம் என்கிறீர்களே, கடைசியாக அவளோடு உட்கார்ந்து பேசியது நீங்கள்தான்.

இன்னும் ஒன்று. அந்த ஐந்து கிழங்கையும் கழுவி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஒடிந்த இடத்தில் கத்தி பட்ட அடையாளமே இல்லை. கையால் திருகியிருக்கிறது. நீங்கள் திருக மாட்டீர்கள், உங்கள் மீது எனக்கு ஆயிரம் சந்தேகம் இருந்தாலும் அந்த அளவுக்குத் தொழில் தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன். நானும் திருகவில்லை. அப்படியென்றால் தூர் அவளிடம் இருக்கிறது. கண் எல்லாவற்றையும் தான் வைத்துக்கொண்டு எனக்குக் குப்பையை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். யாருடைய பெண் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா

*

அக்டோபர் 15

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நான் ஒன்றும் ஓதவில்லை. அந்த ஒரு வாரமும் அவள் எனக்குச் சமைத்துப் போட்டாள், நான் படுத்துக்கொண்டு அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். உங்களைப் பற்றிக் கொஞ்சம் கேட்டிருப்பேன். ஒரு தகப்பன் கேட்காமல் யார் கேட்பது?

சண்டையைத் தள்ளி வையுங்கள். தூர் அவளிடம் இருந்தால் கட்டாயம் நட்டிருப்பாள். ஆகஸ்டில் நட்டது இந்த மாதக் கடைசியில் பூக்கும். அந்தப் பூ உலகத்தில் வேறு எங்கும் இல்லை. பேனா கசிந்த சட்டைப் பையின் நிறம், இதழ் ஓரத்தில் மட்டும் வெள்ளை. கல்யாணத்தன்று நான் சட்டையில் குத்தியிருந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கே அதன் மேல் கண் வைத்தவர்தானே நீங்கள். உங்கள் செடிக் குழுக்காரர்களிடம் சொல்லி வையுங்கள். ஊரில் எந்த ஜன்னலில் எது பூத்தாலும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.

அந்தச் சத்தத்தையும் யோசித்துப் பார்த்தேன். போன ஞாயிறும் கேட்டது. வாட்ச் பார்க்கிறவன் காது ஏமாறாது. அது நீராவி இஸ்திரி மெஷின். சலவைக் கடையில் இருக்குமே, மேல் பலகையைக் கீழே அமுக்கினால் ஆவி விடும், அது. அவள் ஒரு சலவைக் கடைக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கிற கடை.

நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்டுபிடித்தால் என்னிடம் சொல்வீர்களா என்பதில்தான் சந்தேகம். எப்படி இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். உடம்பு இளைத்திருக்கிறாளா என்று பார்த்துச் சொல்லுங்கள். உங்களிடம் இப்படிக் கேட்டு நிற்க வேண்டி வந்ததே என்று இருக்கிறது.

பெண்ணைப் பெற்றவன்

*

நவம்பர் 3

சம்பந்திக்கு,

கிடைத்துவிட்டாள். உடம்பு இளைக்கவில்லை. முடியைத் தோள் வரைக்கும் வெட்டியிருக்கிறாள். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மிச்சத்தை நீங்கள் ஒழுங்காகப் படிப்பீர்கள்.

எங்கள் குழுவில் போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். ஓட்டை வாய், ஆனால் கழுகுக் கண். வெள்ளிக்கிழமை வந்து, “நீங்க சொன்ன பூ ஒரு மாடி ஜன்னல்ல இருக்கு. கீழ சலவைக் கடை. விதை கேக்கலாம்னு கூப்பிட்டேன், ஜன்னலைச் சாத்திட்டாங்க” என்றார். மறுநாள் போனேன். கடையில் இரண்டு பேர் வெள்ளைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்கள், அந்த மெஷின் நீங்கள் சொன்ன மாதிரியே புஸ், தொப் என்றது. பக்கவாட்டில் இரும்புப் படி. மேலே பெயின்ட் வாளியில் ஓட்டை போட்டு நட்டிருந்தாள். மூன்று பூ. நான் நிமிர்ந்து பார்த்தேன். தோளில் துண்டோடு ஜன்னலுக்கு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். ஜன்னலைச் சாத்தவில்லை, கதவைத் திறந்தாள்.

ஒரே அறை. ஒரு கட்டில், கம்ப்யூட்டர் வைக்க மடக்கு மேஜை, ஒரு நாற்காலி. என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போகும் வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் வரிசை போட்டு வைத்திருந்தேன். முதல் கேள்வியை அவள் கேட்டுவிட்டாள்.

“அத்தை, கிழங்கு முளைச்சுச்சா?”

குத்தலாகக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்டாள். “இருந்ததுலயே பெரிசா அஞ்சு பாத்து உங்களுக்கு எடுத்து வச்சேன். அப்பா கையால தொட்ட செடி, உங்களுக்கு ரொம்ப ஆசைன்னு தெரியும். சொல்லாமப் போறேனே, இதாவது நல்லதா இருக்கட்டும்னு. எனக்கு அந்தக் காஞ்ச தண்டையும் அதுல ஒட்டிட்டிருந்த ரெண்டு சுண்டுவிரல் கிழங்கையும்தான் வச்சுக்கிட்டேன். இதுவே இப்படிப் பூத்திருக்குன்னா உங்களோடது எப்படி இருக்கும்னு நினைச்சுப்பேன்.”

சம்பந்தி, இரண்டு தோட்டக்காரர்களுக்கு நடுவில் வளைய வந்தும் அந்தப் பெண்ணுக்குக் கண் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை. நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியது நல்லது என்று நினைத்துப் பெரியதையெல்லாம் எனக்கு ஒடித்துக் கொடுத்திருக்கிறாள். அதைத்தான் நான் குப்பை என்று உங்களுக்கு எழுதினேன். உங்களைத் திருடர் என்கிற மாதிரியும் எழுதினேன், அதுவும் எழுத்தில் இருக்கிறது.

“முளைச்சுச்சு” என்றேன். “நல்லா வந்திருக்கு.” நான் சொன்ன பொய்களில் இவ்வளவு சீக்கிரமாக வாயில் வந்தது வேறு இல்லை.

அப்புறம் ஏன் போனாய் என்று கேட்டேன். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டேன். அவளும் சாதாரணமாகவே சொன்னாள். “நீங்க கொடுமை எல்லாம் பண்ணல அத்தை. அப்பாவும் நல்லவர்தான். ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா அப்பா உங்களப் பத்திக் கேப்பார். போனை வச்சதும் நீங்க அப்பா என்ன சொன்னார்னு கேப்பீங்க. ராத்திரி அவர்கிட்ட மனசு விட்டு ஏதாவது சொன்னா காலையில அது உங்க வாயில வரும். ஒரு செடியக் கைமாத்திக் குடுக்கப் போனாக்கூட, அவங்க எதுக்குக் குடுத்தாங்க, முகம் எப்படி இருந்துச்சுன்னு ரெண்டு பக்கமும் விசாரணை. நான் எப்படி இருக்கேன்னு யாராவது கேட்டா, அதுகூட அடுத்தவங்களப் பத்தித் தெரிஞ்சுக்கத்தான். எனக்குப் பேசவே பயமாயிடுச்சு. வாயைத் திறந்தா யாருக்கோ சேதி.”

மகனைப் பற்றிக் கேட்டேன். “அவர் வரட்டும். ஆனா இங்க பேசினது இங்கயே இருக்கும்னா வரட்டும்” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் உங்கள் மேல்தான் வந்தது, பழக்க தோஷம். நீங்கள்தான் கேள்வி கேட்டுக் கேட்டு அவளைக் கெடுத்தீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். படி இறங்கும்போது அந்த நினைப்பு நிற்கவில்லை. திரைச்சீலை விஷயம் தெரிந்த அன்று அவளைச் சமையலறையில் நிறுத்தி வைத்து நான் விசாரித்த விசாரிப்பு ஞாபகம் வந்தது.

வாசலில் அவள் கேட்டாள், “நான் சொன்னதெல்லாம் அப்பாகிட்ட சொல்லுவீங்களா?”

“மாட்டேன்” என்றேன்.

“சொல்லுவீங்க அத்தை” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

சொல்லிவிட்டேன், பாருங்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் அங்கே கால் ஊன்ற முடியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள், உடம்பு இளைத்தாளா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள், மனசு கேட்கவில்லை. ஒரு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன், எல்லாமும் வந்துவிட்டது. தெருவின் பெயரை மட்டும் எழுதவில்லை. திட்டுங்கள், அதை மட்டும் தர மாட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா

*

நவம்பர் 14

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில் பதில் எழுதியிருந்தால் நமக்குள் உறவே முடிந்திருக்கும். தெருப் பெயரைத் தராமல் வைத்துக்கொள்ள இவர் யார் என்று ஒரு ஆத்திரம். அவள் பேசியதாக எழுதியிருப்பதெல்லாம் உண்மையில் அவள் பேசியதுதானா, இவரே கோத்துக் கொடுத்ததா என்று ஒரு சந்தேகம். “அப்பாவும் நல்லவர்தான்” என்று அவள் சொன்னதாக இருக்கிறதே, அந்த ‘தான்’ அவளுடையதா உங்களுடையதா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். பழுதுபார்க்க வந்த ஒரு கைக்கடிகாரத்தின் திருகாணியை அன்றைக்குத் தொலைத்துவிட்டேன், இத்தனை வருடத்தில் அப்படி நடந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தாள். வழக்கமாக நான் எடுத்தவுடன் முதலில் கேட்பது “உன் மாமியார் என்ன சொல்றாங்க?” என்பதுதான். பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன். அதற்குப் பதிலாக வேறு எதையாவது கேட்கலாம் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. நல்லா இருக்கியா, சாப்பிட்டியா என்பதோடு என் கையிருப்பு தீர்ந்துவிட்டது. பெற்ற பெண்ணிடம் கேட்க என்னிடம் வேறு கேள்வியே இல்லை. இந்த இரண்டு வருடமும் நான் அவளோடு போனில் பேசியது உங்கள் வீட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் போலிருக்கிறது. இதை உங்களிடம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் வேறு யாரிடம் எழுதுவது? இது புரிகிற ஒரே ஆள் நீங்கள்தான்.

போனில் அந்தப் புஸ் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“அப்பா, லைன்ல இருக்கியா?” என்றாள்.

“இருக்கேன்.”

“ஏன் ஒண்ணும் கேக்கல?”

“நீ சொல்லும்மா” என்றேன். “எதையாவது சொல்லு. நான் கேட்டுக்கறேன்.”

வைத்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அழுகிறாளோ என்றும் தோன்றியது. அப்புறம் ஆரம்பித்தாள். அந்த அறையை எப்படிப் பிடித்தாள் என்பதில் தொடங்கி, கீழே துணி மடிக்கிறவர்கள் அடிக்கும் லூட்டி, கம்ப்யூட்டர் வேலையில் அவளுக்கு மேலே இருக்கும் அந்த அதிகப்பிரசங்கி என்று போய்க்கொண்டே இருந்தாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசுவாளே, அந்த வேகம். நான் ‘ம்’ மட்டும் போட்டேன். எனக்காக வைத்திருந்த டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. ஒரு இடத்தில் சிரித்தாள்.

மைக்கறையில் ஒரு துண்டு எனக்கு வேண்டும் என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. அவள் ஜன்னலிலேயே இருக்கட்டும்.

கடைசியில் மாப்பிள்ளையைப் பற்றியும் சொன்னாள். அவர் வந்தாரா, வந்தால் என்ன பேசினார்கள், உங்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறாளா இல்லையா, எல்லாமும் சொன்னாள். நான் ஒரு வார்த்தை கேட்காமல் அவளாகவே சொன்னாள்.

இந்த வரிக்கு வந்ததும் உங்கள் கண் வேகமாக அடுத்த வரிக்குத் தாவும், எனக்குத் தெரியாதா? என்ன சொன்னாள், என்ன சொன்னாள் என்று தேடுவீர்கள். நான் மறைக்கிறேன் என்பீர்கள். தெருப் பெயரைத் தராததற்குப் பழி வாங்குகிறேன் என்றும் நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள் சம்பந்தியம்மா, கோபமில்லை. அவள் என்னிடம் சொன்னது என்னிடமே இருக்கும்.

பெண்ணைப் பெற்றவன்